பழைய ஆந்திரா, புது ஆந்திரா

2017 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை ராத்திரி அப்பா போன் செய்தார். ஜிஎஸ்டி வந்து முதல் ரிட்டர்ன். மறுநாள் கடைசி நாள். நான் பெங்களூரில், அவர் பொதட்டூர்பேட்டையில், தறிக்கூடத்தை ஒட்டின சின்ன அறையில், புதிதாக வாங்கின கம்ப்யூட்டருக்கு முன்னால்.

"டேய், ஸ்டேட்டுனு ஒரு பெட்டி இருக்கு. கீழ இழுத்தா ஆந்திரா ரெண்டு வருது. 28 போட்டு ஒண்ணு, 37 போட்டு ஒண்ணு. நகரிக்காரருக்கு எதுடா?"

2014-இல் தெலங்கானா பிரிந்ததல்லவா, 28 பிரிவதற்கு முந்தைய பழைய ஆந்திரா, 37 புது ஆந்திரா, நீங்கள் 37 போடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார்.

"பழைய ஆந்திரான்னா நாமதானடா."

உண்மைதான். அப்பா பிறந்தது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில். ஸ்கூலில் சேரும்போது தமிழ்நாட்டில் இருந்தார். இடையில் வீடு மாறவில்லை, தறி மாறவில்லை, தெருக்கூட மாறவில்லை. மாநிலம்தான் மாறியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று ராத்திரி நாங்கள் ரிட்டர்ன் போடவில்லை, ஏனென்றால் போட முடியவில்லை. நாடு முழுக்க ஜிஎஸ்டி தளம் திணறிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் நீட்டித்து, ஆகஸ்ட் 25 என்று அறிவித்தார்கள். அந்த ஐந்து நாளில் நான் அப்பாவுக்கு ஒரு யோசனை சொன்னேன். அந்த யோசனை தப்பு. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். ஆனால் எழுத எழுத, 1939 வரைக்கும் பின்னால் போக வேண்டியதாகிவிட்டது.

*

ஊரைத் தெரியாதவர்களுக்கு: திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற பக்கம், திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிற நெசவு ஊர் பொதட்டூர்பேட்டை. எந்தத் தெருவில் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும், கரண்ட் போய்விட்டதென்று அர்த்தம். வீட்டில் தமிழ், சந்தையில் பாதித் தெலுங்கு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளில் எது தமிழ்க் காவடி, எது தெலுங்குக் காவடி என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. எல்லை தாண்டினால் நகரி. அதுவும் நெசவு ஊர்தான். காலையில் பஸ் பிடித்துப் போய், துணியை இறக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் துணியில் ஒரு பங்கு நகரிக்குத்தான் போனது.

தாத்தாவின் கணக்கு நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை. சித்திரை பிறந்தால் புது நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே "லாபம்". பாவு கொடுத்தது, நூல் கொடுத்தது, துணி வந்தது, கூலி போனது, பற்று, வரவு. வரி என்ற சொல்லை அதில் தேடிப் பார்த்தேன். வீட்டு வரி இருக்கிறது. துணிக்கு வரி என்று ஒரு வரிகூட இல்லை.

முதலில் தாத்தா ஏய்த்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. துணியைச் சட்டமே விட்டு வைத்திருந்தது.

இந்தியாவில் பொது விற்பனை வரி என்ற ஒன்றை முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான். 1937-இல் முதல்வரான ராஜாஜி, அந்த வருடம் அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். கள், சாராயத்தில் வந்த வருமானம் போனால் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். அப்படி வந்ததுதான் 1939-ஆம் வருடச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். பெரிய வியாபாரிகளுக்கு விற்றுமுதலில் அரை சதவீதம். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு வியாபாரிகளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் அந்த அரை சதவீதம் மட்டுமல்ல. அதுவரை தன் நோட்டைத் தான் மட்டும் பார்த்தவன், இனி சர்க்காருக்கும் காட்ட வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே கைத்தறித் துணிக்கு விலக்கு இருந்தது. கைத்தறித் துணியை மட்டும் விற்கிறவர் அந்த விற்பனைக்கு வரி கட்ட வேண்டாம். கதரும் கைத்தறியும் அரசியலாக இருந்த காலம் அது.

அடுத்த திருப்பம் 1957. துணி, சர்க்கரை, புகையிலை ஆகிய மூன்றின்மீதும் மாநிலங்கள் விற்பனை வரியை விட்டுக்கொடுத்தன. அதற்குப் பதிலாக மத்திய அரசு கூடுதல் கலால் வரி வசூலித்து மாநிலங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் என்று ஏற்பாடு. கலால் என்பது உற்பத்தி இடத்திலேயே, பெரும்பாலும் மில் வாசலிலேயே பிடித்துக்கொள்கிற வரி. அப்புறம் அந்தத் துணி கடை கடையாக, ஊர் ஊராகப் போகும்போது விற்பனை வரி கிடையாது. சின்ன விசைத்தறிக்காரர்களை மத்திய அரசு நடுநடுவே கலால் வலைக்குள் இழுக்கப் பார்த்தது. 2003-இல் அப்படி ஒரு முயற்சி நடந்து பெரிய எதிர்ப்பு வந்தது, மறுவருடமே அதைத் தளர்த்திவிட்டார்கள். மற்றபடி 1957-லிருந்து 2017 வரை, அறுபது வருடம், துணி விற்கிறவன் மாதாமாதம் விற்பனை வரி ரிட்டர்ன் போட்டுப் பழகவே இல்லை.

இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஜிஎஸ்டி வந்தபோது "நம்ம வியாபாரிங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியல" என்று என் ஆபீஸ் நண்பர்கள் பேசினார்கள். கம்ப்யூட்டர் பிரச்சினை இல்லை. மளிகைக்கடைக்காரருக்கும் இரும்புக்கடைக்காரருக்கும் இரண்டு தலைமுறை ரிட்டர்ன் பழக்கம் இருந்தது, துணிக்காரருக்கு இல்லை. அறுபது வருடப் பாடத்தை அவர் ஐம்பது நாளில் படிக்க வேண்டியிருந்தது.

*

இப்போது எல்லை.

1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அப்படியே அந்தப் பக்கம் போனது. திருத்தணியும் அதோடு போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியது. கேட்டது திருப்பதியையும் சேர்த்து, கிடைத்தது திருத்தணி. படாஸ்கர் பரிந்துரையின்படி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 முதல் இந்தப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது.

ஏப்ரல் 1. நிதியாண்டின் முதல் நாள். ஒரு மாநிலத்தின் கணக்கை மார்ச் 31-உடன் முடித்து, மறுநாள் இன்னொரு மாநிலத்தில் புதுக்கணக்கு. எல்லை மாற்றங்களை மொழி, மானம், ரத்தம் என்றே படித்து வளர்ந்த எனக்கு, அந்தத் தேதியைக் கணக்கர்களின் தேதியாகப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. அதன் பிறகு இந்த ஊர்க் கடைகளுக்கு ஆந்திரச் சட்டம் போய்ச் சென்னைச் சட்டம் வந்தது.

தாத்தாவின் 1960 நோட்டைப் புரட்டினேன். ஏப்ரல் மாதப் பக்கங்களில் ஒரு மாற்றமும் இல்லை. நகரிக்குப் போன துணி நகரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நேற்றுவரை ஒரே மாவட்டத்துக்குள் போன துணி இன்றைக்கு வேறு மாநிலத்துக்குப் போகிறது. நோட்டுக்கு அது தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

*

கணக்கு மென்பொருள் நம் ஊர்களுக்குள் வந்த கதையும் ஓர் அப்பா-மகன் கதைதான். ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கும் துணி மில்களுக்கும் மூலப்பொருளும் இயந்திரப் பாகங்களும் விற்றுக்கொண்டிருந்தார். தன் கணக்கைப் பார்க்க ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவிடம் ஒன்று எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் கம்பெனி. அதுதான் பின்னாளில் டாலி. மற்ற மென்பொருள்கள் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண் கேட்டுக்கொண்டிருந்தபோது, இது பேரேட்டுக்காரர் போலவே ஆள் பெயரையும் சரக்குப் பெயரையும் எழுதவிட்டது. அது ஓடியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கணக்குப்பிள்ளையின் மூளை எப்படி வேலை செய்யுமோ அப்படியே வேலை செய்தது.

தொண்ணூறுகளின் முடிவிலும் அதன் பிறகும் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடிப் போர்டில் "டாலி" என்று எழுதியிருப்பது தவிர்க்க முடியாத காட்சி. பி.காம். முடித்த பெண்கள் மூன்று மாதம் அங்கே போய்வந்தால் ஒரு வேலை நிச்சயம். 2007 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டுக்கு வாட் வந்தபோது இந்தப் படிப்புக்கு இன்னும் மவுசு கூடியது. அப்போதும் துணிக்கடைகள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தன.

பிறகு 2017 ஜூலை 1, நள்ளிரவு, நாடாளுமன்ற மைய மண்டபம், விளக்குகள். பதினேழு வரிகள் ஒன்றாகின என்றார்கள். துணிக்கு அன்றுதான் முதல்முறையாக வாசல் திறந்தது: துணி 5 சதவீதம், பருத்தி நூல் 5, செயற்கை நூல் 18. பதினெட்டுக்கு வாங்கி ஐந்துக்கு விற்றால் மிச்ச வரி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மற்றத் தொழில்களுக்கு அதைத் திரும்பப் பெற வழி இருந்தது, துணிக்கு அதை அடைத்து வைத்திருந்தார்கள். அக்டோபரில் நூல் வரி 12 ஆனது. திரும்பப் பெறும் வழி 2018 ஆகஸ்ட் 1-இல்தான் திறந்தது. அதற்கு முன் சேர்ந்த வரவு காலாவதி என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் 2019-இல் அது செல்லாது என்றது. சூரத் துணி வியாபாரிகள் 2017 ஜூலையில் நாள்கணக்காகக் கடையடைத்துத் தெருவில் நின்றது இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

எல்லையோர ஊருக்கு இன்னும் ஒரு சிக்கல். 2017-இல் சாதாரணமாக வருடத்துக்கு இருபது லட்சத்துக்குக் கீழே விற்பவர் பதிவே செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆனால் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் தொகை எவ்வளவானாலும் பதிவு கட்டாயம். கொஞ்சமாகக் கட்டி நிம்மதியாக இருக்கும் இணக்க வரித் திட்டத்திலும் சேர முடியாது. பொதட்டூர்பேட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு எழுநூறு கிலோமீட்டர் துணி அனுப்பினால் அது உள்ளூர் வியாபாரம். பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கிற நகரிக்கு அனுப்பினால் வெளிமாநில வியாபாரம். உள்ளூர் என்றால் வரி இரண்டாக உடையும், பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. வெளிமாநிலம் என்றால் முழுவதும் ஒருங்கிணைந்த வரி என்ற ஒரே தலைப்பில் போக வேண்டும். தொகை ஒன்றுதான். தலைப்பு மாறினால் வாங்குகிறவருக்கு வரவு கிடைக்காது. விற்றவர் சரியான தலைப்பில் இன்னொரு தடவை முழுத் தொகையும் கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டும். சட்டத்தின் 77-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது.

*

இனி என் யோசனை.

அப்பா வாங்கியது டாலி அல்ல, விலை குறைவென்று வேறொன்று. பெயர் வேண்டாம். அதில் வாடிக்கையாளரைப் பதியும்போது மாநிலப் பெட்டியைக் காலியாக விட்டால், மென்பொருள் நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளும். அப்பா ஜூலை மாதம் நகரிக்காரருக்குப் போட்ட பதினோரு பில்லையும் பெட்டி காலியாக இருக்கும்போதே போட்டுவிட்டார். ஆகஸ்டில் நான் சொல்லி 37 என்று மாற்றினார்.

"பழைய பில்லெல்லாம்?" என்று கேட்டார்.

"ஆளோட விவரத்துல மாத்திட்டீங்கல்ல, எல்லாத்துலயும் மாறிடும்ப்பா."

மாறவில்லை. பில் சேமிக்கப்பட்ட நிமிடத்தில் எந்த மாநிலம் இருந்ததோ அதுவே பில்லில் உறைந்துவிடும். மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நியாயமான வடிவமைப்புதான். நேற்றுக் கொடுத்த பில் இன்றைக்குத் தானாக மாறக்கூடாது. ஆனால் நகரிக்காரரின் பதிவு எண் 37 என்றுதான் தொடங்குகிறது. அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொண்டே தமிழ்நாட்டுப் பில் போட்ட மென்பொருள், ஒரு எச்சரிக்கையாவது காட்டியிருக்கலாம். நானும் ஒரு பில்லைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அக்டோபரில் நகரியிலிருந்து போன் வந்தது. "அண்ணா, எங்க கணக்குப்பிள்ளை இந்த பில்லு ஆகாதுன்றாரு. எனக்கு வரவு வராது. மாத்திக் கொடுங்க." தொகை நாற்பத்திரண்டாயிரம். அந்த நாட்களில் ஒருமுறை சமர்ப்பித்த 3பி படிவத்தைத் திருத்த வழியில்லை. அடுத்து வரும் மாதங்களில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று தெளிவான சுற்றறிக்கை வந்ததே டிசம்பர் 29-இல்தான்.

அப்பா மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தார். நானும் கான்ஃபரன்ஸில் இருந்தேன்.

"சார், கேச் க்ளியர் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"தம்பி, பில்லு தப்பா வந்திருச்சிப்பா. ரீஸ்டார்ட் பண்ணா நகரிக்காரரு கையில இருக்கிற பேப்பர் மாறிடுமா?"

இரண்டு நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. புகார் முடிக்கப்பட்டது. காரணம்: பயனர் பிழை.

அதைப் படித்தபோது எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. ஏனென்றால் அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கிறேன். பொறியியல் முடித்து முதல் இரண்டு வருடம் நான் பார்த்தது வேறொரு பில்லிங் மென்பொருளுக்கு வாடிக்கையாளர் உதவிதான். ஒவ்வொரு புகாரையும் முடிக்கும்போது ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "மென்பொருள் பிழை" என்று போட்டால் டெவலப்பர் டீம் திருப்பி அனுப்புவார்கள், நிரூபி என்பார்கள், நேரம் ஓடும், என் கணக்கில் சிவப்பு விழும். "பயனர் பிழை" என்று போட்டால் ஒரே க்ளிக். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது புகார் முடிப்பேன். நல்ல பெயர் வாங்கினேன். போன் செய்தவர்களில் எத்தனை பேர் வேறெங்கோ ஒரு தறிக்கூடத்தை ஒட்டின அறையில் உட்கார்ந்திருந்தார்களோ, நான் யோசித்ததில்லை.

*

எங்கள் விஷயம் நாற்பத்திரண்டாயிரத்தோடு போயிற்று. ஆனால் மென்பொருள் தவறினால் யார் தவறு என்ற கேள்வி அந்த வருடங்களில் நாடு முழுக்க நீதிமன்றம் ஏறியது. பழைய வரிகளில் சேர்ந்த வரவை ஜிஎஸ்டிக்குக் கொண்டுவர டிரான்-1 என்று ஒரு படிவம். கடைசித் தேதி 2017 டிசம்பர் 27. தளம் சுற்றிச் சுற்றி நின்றதால் பலரால் போட முடியவில்லை. 2018 ஏப்ரல் 3-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது: தளத்தின் தொழில்நுட்பக் கோளாறால் மாட்டிக்கொண்டவர்கள், தாங்கள் முயற்சி செய்ததற்கு ஆதாரத்தோடு விண்ணப்பிக்கலாம்.

ஆதாரம் என்றால்? ஸ்க்ரீன்ஷாட். பிழைச் செய்தி திரையில் வந்த நிமிடத்தில் படம் பிடித்தவர் பிழைத்தார். எரிச்சலில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவரிடம் ஒன்றுமில்லை. அவர் முயன்றாரா என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி தளத்தின் பதிவேடு, அது எதிர்த்தரப்பின் கையில். உயர் நீதிமன்றங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி, கடைசியில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஃபில்கோ டிரேட் சென்டர் வழக்கில், வழக்குப் போட்டவர் போடாதவர் எல்லாருக்கும் சேர்த்து, தளத்தை இரண்டு மாதம் திறந்துவிடச் சொன்னது. அந்த வருடம் அக்டோபர், நவம்பரில் திறந்தார்கள். ஐந்து வருடம் கழித்து. நடுவில் கடையை மூடியவர்கள் எத்தனை பேரோ.

வருமான வரிப் பக்கமும் இதேதான். புதிய தளம் 2021 ஜூன் 7-இல் வந்தது. மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸையும் நந்தன் நீலகேணியையும் பெயர் சொல்லி ட்விட்டரில் கேட்டார். ஆகஸ்ட் 23-இல் கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரியை வரவழைத்து, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யச் சொன்னார்கள். ஜூலை 31 என்ற கடைசி நாள் செப்டம்பருக்குப் போய், பிறகு டிசம்பருக்குப் போனது. அதற்குள் ஒரு வேடிக்கை: தேதியை நீட்டித்த பிறகும் மென்பொருள் பழைய தேதியையே வைத்துக்கொண்டு சிலருக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் போட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்குத் திருப்பித் தருவதாகத் துறை சொன்னது. அரசு தேதியை மாற்றினாலும் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. நிதியமைச்சருக்குக் கோளாறு வந்தால் கம்பெனித் தலைவர் வந்து நிற்பார். அப்பாவுக்கு வந்தால் கேச் க்ளியர்.

இதில் நாம் மட்டும் மோசம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2002-இல் வரித்துறை, மென்பொருள் கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தது: குறைந்த வருமானக்காரர்களுக்கு நீங்கள் இலவசமாகப் படிவம் போட்டுக்கொடுங்கள், நாங்கள் போட்டிக்குச் சொந்த மென்பொருள் செய்யமாட்டோம். இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்து உள்ளே போனவர்கள் கடைசிப் பக்கத்தில் காசு கட்டினார்கள். டர்போடாக்ஸ் செய்கிற இன்ட்யூட் கம்பெனி 2022-இல் எல்லா மாநிலங்களோடும் சமரசம் செய்து, 14.1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் நடந்தது இன்னும் கொடுமை. தபால் நிலையங்களில் வைத்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. சின்னச் சின்னத் துணை அஞ்சலகங்களை நடத்தியவர்கள், நம் பக்கத்திலிருந்து போன குடும்பங்களும் அதில் உண்டு, 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். உதவி எண்ணை அழைத்தபோது உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று சொன்னார்கள் என அவர்களில் பலர் பின்னால் சாட்சி சொன்னார்கள். மென்பொருளில்தான் பிழை என்று 2019-இல் நீதிமன்றம் சொல்வதற்குள் சிலர் சிறைக்குப் போய் வந்திருந்தார்கள், சிலர் உயிரோடு இல்லை.

பயனர் பிழை. அதே சொல்தான், வேறு வேறு எடை.

*

அப்பாவின் கணக்கைக் கடைசியில் நேராக்கியது நானும் இல்லை, உதவி எண்ணும் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையின் உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பி.காம்., டாலி. ஊரில் நாற்பது, ஐம்பது பேருக்கு ரிட்டர்ன் போடுகிறார். அவர் பதினோரு பில்லையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இதை உங்க மேல போட்டாங்களா? எனக்கு இந்த மாசம் இதே மாதிரி ஏழு வந்திச்சு" என்றார்.

ஏழு. கம்பெனியின் கணக்கில் ஏழும் தனித்தனிப் பயனர் பிழை. ஜெராக்ஸ் கடையில் மட்டும்தான் அது ஒரே பிழை என்று தெரிந்தது, ஏனென்றால் ஏழும் ஒரே மேஜைக்கு வந்தன. உதவி மையம் என்று நாம் கட்டி வைத்திருப்பது புகார்களைப் பிரித்து வைக்கிற இடம். சேர்த்துப் பார்க்கிற இடமாக அதை யாரும் கட்டுவதில்லை.

அப்பா நாற்பத்திரண்டாயிரத்தை மறுபடி கட்டினார். பழையதைத் திருப்பிக் கேட்டு எழுதிப்போட்டார். தாமதமாக வந்தது, வந்தது. நகரி வரவில்லை. அந்தக் கணக்குப்பிள்ளை, தமிழ்நாட்டுப் பில்லே வேண்டாம், நம் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. ஒருமுறை வரவு தவறினால் அவர் கையிலிருந்து போகும். 2018 பொங்கலுக்குப் பிறகு எங்கள் துணி நகரிக்குப் போகவில்லை. இணக்க வரிக்கு மாறிக்கொண்டு, வெளிமாநில வியாபாரத்தையே விட்டுவிட்டார் அப்பா. மூன்று மாதத்துக்கு ஒரு படிவம், அதையும் ஜெராக்ஸ் கடைப் பெண் பார்த்துக்கொள்கிறார். நிம்மதிதான் என்கிறார்.

1960-இல் நாடாளுமன்றம் கோடு போட்டபோது நிற்காத துணி அது. ஒரு காலிப் பெட்டியில் நின்றது.

போன வருடம் என் இப்போதைய வேலையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். வாடிக்கையாளரின் பதிவு எண் ஒரு மாநிலத்தைச் சொல்லி, பில் இன்னொரு மாநிலத்தைச் சொன்னால், பில் சேமிக்க விடாமல் கேள்வி கேட்கும். இருபது வரி நிரல்கூட இல்லை. அப்புறம் புகார் முடிக்கும் காரணங்களின் பட்டியலிலிருந்து "பயனர் பிழை"யை எடுத்துவிடலாம் என்று மீட்டிங்கில் சொன்னேன். அப்படியானால் உண்மையிலேயே பயனர் தவறு செய்தால் என்ன போடுவது என்று கேட்டார்கள். எங்கே தடுக்கினார் என்று எழுதலாம் என்றேன். யோசிப்போம் என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். தறியில் நாடா சிக்கி நின்றிருந்தது, அதை எடுத்துக்கொண்டிருந்தார். இழை அறுந்தால் தறி தானாக நிற்கிற மாதிரியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அது முன்னயே இருந்திருக்கணும்ல?" என்றார். பிறகு தறியை ஓட விட்டார். அதற்குமேல் அந்தச் சத்தத்தில் பேச முடியவில்லை.